காய்ந்துபோன கல்சேறு: டிரம்முக்குள்ளும் கல்லின் குழிக்குள்ளும்

கேள்வி, மார்ச் 2

அக்கா, அரூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் சின்ன ரப்பர் டிரம் வைத்துக் கல் உருட்டுகிறேன், ஒன்றரைக் கிலோ கொள்ளும். கல்லோடு அரைக்கும் தூளும் தண்ணீரும் போட்டு மோட்டாரில் நாள்கணக்காகச் சுழற்றிக் கல்லை வழவழப்பாக்குகிற வேலை. முதல் கட்டம், 60/90 கிரிட், அதாவது கரடான அரைக்கும் தூள். ஓடவிட்டு ஊருக்குப் போனவன் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வர முடிந்தது. மோட்டார் நின்று கிடக்கிறது, உள்ளே கல்லும் சேறும் ஒரே கட்டி. சேறு சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டால் டிரம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்கிறார்கள். இப்போது ஸ்க்ரூடிரைவரால் கொத்தி, தூளை ஊதி ஊதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சரிதானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். போன முறை பாலிஷ் வரை முடித்த கற்களில் குழியெல்லாம் வெள்ளையாக நிற்கிறது. கழுவினால் போகிறது, காய்ந்தால் மறுபடி வருகிறது.

மார்ச் 2, இரவு

தம்பி, ஊதுவதை நிறுத்துங்கள். மற்றது எல்லாம் நாளைக்குப் பேசலாம், இது இன்றைக்கே.

நீங்கள் ஊதுவது மண்தூசி இல்லை. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) அரைபட்ட மாவு, அதாவது சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும். தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும், வெளியே வராது. எங்கள் பெரியப்பா பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தார். தண்ணீர் விடாமல் உலர்வாகவே தேய்த்த காலம் அது. கடைசி மூன்று வருடம் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சிலிகோசிஸ் என்றார், மருந்து எழுத அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. வீட்டில் ஒரு டிரம் ஓட்டுகிறவருக்கும் பட்டறையில் இருபது வருடம் நின்றவருக்கும் எவ்வளவோ வித்தியாசம், தெரியும். இருந்தாலும் காய்ந்த சேற்றை ஊதுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நனைத்துவிட்டுத் தொடுங்கள். இதுவரை சிதறியதையும் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

டிரம்மை வாளித் தண்ணீரில் முழுவதும் முங்க வையுங்கள். ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் போட்டுவிடுங்கள், ரப்பர் கிழிந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது.

மார்ச் 3

இப்போது நிதானமாக.

சிமெண்ட் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் சிமெண்ட் இறுகுவது வேறு விதம். அது தண்ணீரோடு வேதிவினை செய்து புதுப்பொருளாக மாறுகிறது, திரும்பத் தண்ணீரில் போட்டால் கரையாது. நம் சேறு அப்படி மாறுவதில்லை. மிக நுண்ணிய கல்மாவு, தண்ணீர் போனதும் ஒன்றோடொன்று நெருங்கி அடைந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஏரி காய்ந்தால் களி பாளம் பாளமாக வெடித்து நிற்கிறதே, மழை பெய்தால் அதே களி மறுபடி குழைகிறதே, அந்தக் கணக்கு. தண்ணீர் உள்ளே நுழைய நேரம் வேண்டும். அந்த நேரத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

நான் செய்வது இது. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், கொதிநீர் கூடாது. அதில் ஒரு ஸ்பூன் துணி துவைக்கும் பவுடர். டிரம்மை வாய் மேலே பார்க்க வைத்து நிரப்பி ஒரு இரவு. காலையில் மேலே குழைந்த அளவு மட்டும் மரக்கரண்டிக் காம்பால் கிளறி வடித்துவிட்டு மறுபடி வெந்நீர். டிரம்மின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ரப்பர் வளையும், சேறு வளையாது, அதனால் சுவரிலிருந்து விட்டு வரும். எனக்கு மூன்றாம் நாள் மொத்தக் கட்டியும் அவித்த இட்லி மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அப்புறம் அந்தக் கட்டியை வாளியில் போட்டுக் குழைத்தேன்.

எனக்கு இது நடந்ததற்குக் காரணம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலையில்தான் வந்தது, சித்திரை வெயில் வேறு. மோட்டார் நின்றதும் சேறு அடியில் படிந்து காய்ந்துவிட்டது. நின்ற டிரம்மை ஒருபோதும் அப்படியே விடாதீர்கள்.

மார்ச் 4

நேற்று எழுதியதைப் படுத்துக்கொண்டே யோசித்தேன். மின்தடை மேல் பழியைப் போட்டது தப்பு. மூடி சரியாக இருந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? எட்டு மணி நேரத்தில் இல்லை, எட்டு நாள் ஆனாலும் காயாது. அடியில் படியும், கெட்டியாகும், அவ்வளவுதான். காய்ந்திருக்கிறது என்றால் தண்ணீர் வெளியே போயிருக்கிறது.

பழைய டிரம்மை எடுத்து வந்து பார்த்தேன். மூடி உட்காருகிற வாய்ப்பள்ளத்தில் ஒரு மயிரிழைக் கீறல், அதற்குள் நாலைந்து கிரிட் மணி. 60 கிரிட் மணி ஒன்று ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இருக்கும். அது ரப்பருக்கும் மூடிக்கும் நடுவில் ஒன்று உட்கார்ந்தால் போதும், சொட்டுச் சொட்டாகக் கசியும். ஓடும்போது டிரம் சுற்றுகிற சூட்டில் அந்த ஈரமும் உடனே காய்ந்துவிடும், தரையில் தடமே இருக்காது. டிரம்மின் கழுத்தில் சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும், அதுதான் தடயம். உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள்.

கரண்ட் வந்ததும் மோட்டார் ரீங்காரம் போட்டுக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. படிந்த சேறு ஒரு பக்கமாகக் கனத்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் சூடேறி வீணாகிவிடும். கையால் டிரம்மை எடுத்து நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு வையுங்கள்.

மார்ச் 6

சாம்பல் வளையம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, மூடிதான்.

ஆனால் பாதிக் கட்டி குழைந்தது, மீதி நாலு நாளாக ஊறியும் அசையவில்லை, வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டினாற்போல இருக்கிறது என்பதுதான் இடிக்கிறது. என்னென்ன கல் போட்டீர்கள்? தண்ணீர் என்ன தண்ணீர்?

மார்ச் 6, மாலை

சாமல்பட்டிப் பக்கம் பொறுக்கிய வெள்ளைக் கல் நாலைந்து! முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி.

சாமல்பட்டியைச் சுற்றிக் கார்பனடைட் என்கிற பாறை இருக்கிறது. ஒகேனக்கல் பக்கமும் இருக்கிறது. எரிமலைக் குழம்பு வகையில் பிறந்தும் பெரும்பாலும் கால்சைட் என்கிற சுண்ணாம்புச்சத்துக் கனிமமாக இருக்கிற அபூர்வமான பாறை, அதைப் பார்க்கவே புவியியல் படிக்கிறவர்கள் இங்கே வருகிறார்கள். பார்ப்பதற்கு வெங்கச்சங்கல் போலவே வெளுத்திருக்கும். கடினத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது: மோஸ் அளவில் வெங்கச்சங்கல் 7, கால்சைட் 3. இரண்டையும் ஒரே டிரம்மில் போட்டால் வெங்கச்சங்கல்லே கிரிட்டோடு சேர்ந்துகொண்டு கால்சைட்டை அரைத்துவிடும். நாலு நாளில் சேறு தோசைமாவுப் பதத்துக்கு வந்திருக்கும். அந்தப் பதத்தில் கல் உருளாது, வழுக்கும். மோட்டார் திணறியதற்கும் அது ஒரு காரணமாக இருக்கும்.

இதனால் மார்ச் 3-ஆம் தேதி நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறேன். வெறும் கல்மாவு என்றால் ஊறினால் குழையும், அதில் மாற்றமில்லை. சுண்ணாம்புச்சத்து மாவு கலந்து, நம் போர் தண்ணீரும் சேர்ந்தால், காயும்போது மாவு மணிகளுக்கு நடுவே சுண்ணாம்பு உப்பு படிந்து பசை போலப் பிடித்துக்கொள்ளும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான். அதற்குத் தண்ணீர் போதாது, புளிப்பு வேண்டும்.

வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மூடியை மூடாமல் ஊற வையுங்கள். இதை மறக்கவே கூடாது, சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் வாயு கிளம்பும், மூடிய டிரம் உப்பிக்கொண்டு தெறிக்கும். பொங்குவது நின்றதும் வடித்துவிட்டுப் புது வினிகர்.

இனிமேல் எந்த வெள்ளைக் கல்லையும் டிரம்மில் போடுவதற்கு முன் ஒரு இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள். கால்சைட் என்றால் பள்ளமாகக் கீறும். வெங்கச்சங்கல் என்றால் ஆணிதான் தேய்ந்து கல்லின் மேல் சாம்பல் கோடு விழும்.

மார்ச் 9

டிரம் காலியாகிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, குழியில் நிற்கும் வெள்ளை. எனக்கு அதிகத் தூக்கம் கெட்டது இதில்தான், நீளமாகவே எழுதுகிறேன்.

பாலிஷ் கட்டத்துக்கு நாம் போடுகிற அலுமினியம் ஆக்சைடு ஒரு மைக்ரான் அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கல்லில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தாலும் உள்ளே போய் அடைந்துகொள்ளும். ஈரமாக இருக்கும்வரை தெரியாது. டவலில் பரப்பிக் காயவைத்து, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒவ்வொரு குழியும் வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை காய்ந்துவிட்டால் எடுப்பது பத்து மடங்கு வேலை. அதனால் முதல் பழக்கம், எந்தக் கட்டத்திலும் கல்லைக் காயவிடாதீர்கள். சல்லடையில் கொட்டிய கையோடு தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். போன் அடித்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கல் வாளிக்குள் போன பிறகுதான் மற்றது.

பாலிஷுக்கு அப்புறம் சோப்பு ஓட்டம். டிரம்மைக் கழுவி, கல், தண்ணீர், சீவிய சோப்பு ஒரு ஸ்பூன் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவது. எல்லோரும் சொல்கிற வழிதான், ஊர் ஊராக வேலையும் செய்கிறது. நம் மாவட்டங்களில் செய்யவில்லை! ஆறு மாதம் நான் போராடினேன். சோப்பு ஓட்டத்துக்குப் பிறகு வெள்ளை கூடியதே தவிர குறையவில்லை.

காரணம் தண்ணீர். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரையே வராது, கரையில் திரி திரியாகப் பிசுக்கு மிதக்கும். தண்ணீரிலிருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிறது. அதுதான் என் கற்களின் குழிகளில் போய் அடைந்திருந்தது. நான் அதைப் பாலிஷ் தூள் என்று நினைத்து மறுபடி மறுபடி சோப்பு போட்டிருக்கிறேன். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ப்ளோரைடு தொல்லைக்காக வந்தது. ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் அளவுக்குப் பிசுக்கு கட்டாது. எங்கள் தெருவில் அது வருகிற நாளில் ஒரு குடம் கல்லுக்கு என்று தனியாகப் பிடித்து வைக்கிறேன். வீட்டில் முதலில் முறைத்தார்கள், இப்போது அவர்களே பிடித்துத் தருகிறார்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது.

தண்ணீர் கிடைக்காத வாரத்துக்குப் பூந்திக்கொட்டை. ஏழெட்டுக் கொட்டையை விதை நீக்கி இரவு ஊறவைத்து, பிசைந்து வடிகட்டிய நீர். போர் தண்ணீரிலும் நுரை கட்டுகிறது, பிசுக்கு வருவதில்லை. என் அத்தை பட்டுப்புடவைக்கு வைத்திருந்ததை ஒருநாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து சோப்புக் கட்டியைத் தொடவில்லை.

ஆகவே வெள்ளையைப் பார்த்ததும் சோப்பைத் தூக்காதீர்கள், முதலில் அது என்ன வெள்ளை என்று பாருங்கள். குழியில் மட்டும் இருந்து, வினிகர் சொட்டு விட்டும் அசையாவிட்டால் பாலிஷ் தூள். நகத்தால் தேய்த்தால் மெழுகு மாதிரி இழுபட்டால் சோப்புப் பிசுக்கு. வழவழப்பான முகத்தின் மேலேயே தண்ணீர் சொட்டு காய்ந்த வளையம் வளையமாகத் தெரிந்து, வினிகரில் பத்து நிமிடத்தில் மறைந்தால் அது போர் தண்ணீரின் உப்பு, அதற்கும் டிரம்முக்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் 10

குழியைத் தோண்டத் தையல் ஊசி எடுத்தேன் என்கிறீர்கள். வேண்டாம். நாலு நாள் முன்னால் ஆணி சொன்னேன் அல்லவா, அதே கதைதான். ஊசி கல்லை விடச் சாது, அதன் இரும்பு குழி ஓரத்தில் சாம்பல் கோடாக அப்பிக்கொள்ளும். அப்புறம் வெள்ளைக்குப் பதில் கறுப்போடு மல்லுக்கட்ட வேண்டும். துடைப்பத்து ஈர்க்குச்சியைச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள். வளையும், நுனி நாராகப் பிரிந்து பிரஷ் மாதிரி வேலை செய்யும், மழுங்கினால் இன்னொன்று. கல் தண்ணீருக்குள் இருக்கும்போதே குத்துங்கள்.

மார்ச் 14

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் கழுவும் அல்ட்ராசானிக் பெட்டியை (ஒலியதிர்வால் தண்ணீருக்குள் அழுக்கை உதிர்ப்பது) பார்த்துவிட்டு வந்து சொன்னார். கடைக்காரரிடம் கேட்டு, என் பிடிவாதக் கற்கள் ஆறை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று நிமிட ஓட்டம். குழியிலிருந்து புகை கிளம்புவது போல வெள்ளை மேகம் எழுந்து வந்தது, கடையில் இருந்த இரண்டு பேர் கூடி நின்று பார்த்தார்கள். ஐந்து ஓட்டத்தில் நாலு கல் சுத்தம். இரண்டில் எதுவுமே மாறவில்லை.

அந்த இரண்டைத்தான் வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பார்த்ததும் 9-ஆம் தேதி நான் எழுதிய மூன்று வெள்ளையோடு நாலாவது ஒன்றைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அது தூளே இல்லை. கல்லின் விளிம்பில் பிறை பிறையாக நுண்ணிய விரிசல். டிரம்மில் கல் குறைவாக இருந்தால் உருளாமல் விழும், விழுந்து ஒன்றையொன்று மோதும், விளிம்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும். விரிசலுக்குள் காற்று இருக்கும்வரை வெள்ளை, தண்ணீர் புகுந்தால் மறையும். நனைத்தால் போகிறது, காய்ந்தால் வருகிறது என்று நீங்கள் முதல் நாள் எழுதியது இதற்கும் அப்படியே பொருந்துகிறது. எத்தனை மாதம் இந்த விரிசலைப் போய்ப் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறேன்!

இதற்குக் கழுவல் இல்லை. 60/90-க்குத் திரும்பிப் போய் அந்த விளிம்பையே அரைத்து எடுக்க வேண்டும். இந்த முறை டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், முக்காலுக்கு மேல் போகாமல் கல் இருக்கட்டும். கல் போதாவிட்டால் பீங்கான் உருண்டை போட்டு நிரப்புங்கள். உங்கள் டிரம் அளவுக்கு கிரிட் நாலு பெரிய ஸ்பூன், தண்ணீர் மேல்வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே.

மார்ச் 15

கிரானைட் சில்லு போடலாமா என்று கேட்டீர்கள். நம் ஊரில் எங்கு பார்த்தாலும் அதுதானே கிடக்கிறது. எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு, அந்த ரோஜா நிறமும் அலை அலையான கோடும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதில் காக்காப்பொன் இருக்கிறது. வெங்கச்சங்கல்லும் பெல்ட்ஸ்பாரும் நின்று தாங்கும்போது காக்காப்பொன் ஏடு ஏடாக உரிந்து போய்விடும். போன இடமெல்லாம் குழி. ஒரு கல்லில் நூறு குழி, நூறிலும் பாலிஷ் தூள். கறுப்புப் புள்ளி குறைந்த, மணி நெருக்கமான சில்லாகப் பொறுக்குங்கள். முதல் கட்டத்தை ஒரு வாரத்தில் முடிக்காமல் மூன்று வாரம், வாரம் ஒரு முறை புது கிரிட் போட்டு ஓட்டுங்கள். விரல் நகம் தட்டுகிற குழி இருக்கும் கல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது.

அரூர்–ஊத்தங்கரை வரிசையில் மாலிப்டினம் என்கிற உலோகத்தின் கனிமம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெங்கச்சங்கல்லில் ஈயம் போல மின்னும் சாம்பல் ஏடு தெரிந்தால் அதுதான், அதை உருட்டாதீர்கள், நகத்தாலேயே கீறலாம், அவ்வளவு மெது. டிரம்மில் போட்டால் மொத்தச் சேறும் மை மாதிரியாகி மற்ற கல்லின் விரிசலுக்குள் எல்லாம் ஏறும். அப்படியே கண்ணாடி அலமாரியில் வையுங்கள், உருட்டாமலேயே அழகு.

மார்ச் 17

ஆக்சாலிக் ஆசிட் பற்றி இன்னொருவர் தனியாகக் கேட்டார். துருக்கறைக்கு அது கெட்டிக்காரன், வெள்ளைக்கு உதவாது. அதிலும் போர் தண்ணீரில் கலந்தால் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவு உண்டாகும், வினிகருக்கும் அது மசியாது. விஷமும்கூட. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம் என்பேன்.

தேங்காய் எண்ணெய் தடவினால் வெள்ளை மறைகிறது என்பவர்களுக்கு: மறைகிறது, பத்து நாளில் தூசி ஒட்டி இன்னும் அசிங்கமாக வருகிறது. விற்கிறவர் அப்படிச் செய்தால் அது ஏமாற்று.

மார்ச் 19

சேற்றை எங்கே கொட்டுவது? சமையலறைத் தொட்டியில் மட்டும் கூடாது. குழாய் வளைவில் படிந்து இறுகும், அங்கே வெந்நீர் வைத்தியமும் எட்டாது. நான் கறிவேப்பிலைச் செடியடியில் ஊற்றினேன், மண்ணோடு மண்தானே என்று. இரண்டு மாதத்தில் மண்ணின் மேல் தோல் மாதிரி ஒரு ஏடு கட்டிவிட்டது, ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. செடி வாடியதும்தான் புரிந்தது. ஏட்டைக் கொத்தி எடுத்து, மண்ணை மாற்றி, ஆட்டெரு போட்டுப் பிழைக்க வைத்தேன்.

இப்போது மூன்று பெயிண்ட் வாளி. ஒரு நாள் விட்டால் மாவு அடியில் படியும், தெளிந்த தண்ணீரை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொள்கிறேன். அடிச்சேற்றை ஈரம் காய்வதற்குள் பழைய சிமெண்ட் பையில் அள்ளிக் கட்டிவிடுகிறேன். வெட்டவெளியில் காயவிட்டால் காற்றில் பறக்கும். நெடுஞ்சாலை ஓரம் பட்டறைக் கழிவு வெள்ளை மேடாகக் கிடந்து, லாரி போகும்போதெல்லாம் கிளம்புகிறதே, அந்தப் பக்கம் போகும்போது எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வரும்.

மார்ச் 24

அடுத்த கட்டத்துக்குப் போகும்முன் மூடியின் உட்பள்ளத்தைக் கழுவினீர்களா? காய்ந்த சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும். பாலிஷ் ஓடும்போது ஈரம் பட்டு உதிரும், அதில் ஒரே ஒரு 60 கிரிட் மணி இருந்தால் போதும், மொத்தக் கல்லும் கீறலாகும். பழைய பல் பிரஷ்ஷால் இரண்டு சுற்று, பிறகு விரல் வைத்து ஒரு சுற்று. விரலுக்கு நறநறவென்று பட்டால் இன்னும் கழுவ வேண்டும். முடிந்தால் பாலிஷுக்கென்று தனி டிரம் வைத்துக்கொள்ளுங்கள், நான் அடுத்த மாதம் வாங்கப் போகிறேன்.

ஏப்ரல் 2

படம் பார்த்தேன் தம்பி. வெங்கச்சங்கல் பதினொன்றும் காய்ந்த பிறகும் பளிச்சென்று இருக்கின்றன. அந்த ஒன்றில் இடது ஓரம் தெரியும் வெள்ளைக் கோட்டைத் தேய்க்காதீர்கள், அது பிறை விரிசல். 60/90-க்குத் திருப்பி அனுப்புங்கள். என்னுடைய இரண்டும் அங்கேதான் ஒன்பதாம் நாளாக உருண்டுகொண்டிருக்கின்றன.